வெள்ளிக்கிழமைப் பனி

வடக்கு மின்னசோட்டாவில், தன் வீட்டுப் பனியளக்கும் குடுவைமேல் தானே வண்டியேற்றி நசுக்கிய மகாமேதை ஆர்வின். வெளியே சொல்ல வெட்கம். தினமும் காலை ஏழு மணிக்கு வானிலை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய அளவை வாய்க்கு வந்தபடி சொன்னார். நான்கு அங்குலம் என்றார். மாலைக்குள் நான்கு பெய்தது. ஏழு என்றார், ஏழு.

வியாழனன்று அவருக்கு வியர்த்தது. மறுநாள் மனைவி மார்லிஸ் இருநூறு மைல் காரோட்டித் திரும்புகிறாள். முந்திக்கொண்டு வானிலை அலுவலகத்து டெபிக்குப் போன் செய்தார்.

"டெபி, நாளைக்குப் பூஜ்யம்னு எழுதிக்கம்மா."

"ஜோசியமா பெரியவரே? நாளைக்கான அளவுதான் அப்பவே வந்தாச்சே. முப்பத்தொண்ணு அங்குலம்."

"யாரு சொன்னா?"

"ஐயோ, விளையாடாதீங்க."

"சத்தியமாத்தான் கேக்கறேன்."

அவள் சிரிப்பு நின்றது.

"நீங்கதான். சொல்றப்ப அழுதுக்கிட்டிருந்தீங்க."