மடிப்புக் கலையாத நாவல்

நாவலாசிரியர் ஆம்ப்ரோஸ் ஃபென்விக் தன் லண்டன் வீட்டில் ஆசை ஆசையாகச் சேர்த்த புத்தகங்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அந்தக் காலத்தில் புத்தகங்கள் ஓரம் வெட்டப்படாமல், பக்கங்கள் மடிந்து ஒட்டியபடியே வரும்; அந்த மடிப்பைக் கத்தியால் கிழித்தால்தான் படிக்க முடியும். கிழித்தால் சேகரிப்பாளர்களிடம் மதிப்புப் போய்விடும்.

தேநீருக்கு வந்திருந்த இளைய எழுத்தாளர் லயனல் பிராட் மெல்லக் கேட்டார். "போன மாசம் என் நாவலைக் குடுத்தேனே சார், படிச்சீங்களா?"

"என்னய்யா கேள்வி இது? ஒரே மூச்சுல முடிச்சேன். கடைசி அத்தியாயத்துல அழுதே போயிட்டேன்!"

"நடுவுல கொஞ்சம் தொய்வா இல்லையே?"

"தொய்வா? ஒரு வரியக்கூட எடுக்க முடியாது!"

பிராட் பையிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ரொம்ப சந்தோஷம் சார். பைண்டர் பண்ணின கூத்துல, உங்ககிட்ட இருக்கறதுல முதல் அத்தியாயத்துக்கு அப்புறம் எல்லாமே வெத்துத் தாள். மாத்திக் குடுக்கத்தான் வந்தேன்."

ஆம்ப்ரோஸின் முகம் வெளுத்தது. ஆனால் ஒரு கணம்தான். அலமாரிக்குப் பாய்ந்து அந்தப் பழைய பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மாத்தறதா? உலகத்துலயே இப்படி இது ஒண்ணுதானய்யா இருக்கும்! இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, அந்த அச்சடிச்சதை நீயே எடுத்துட்டுப் போ!"