ஆறாவது தோட்டா

நோரீன் இரண்டு ரிவால்வர்களையும் கடை மேசைமேல் வைத்தாள்.

ஒன்று அசல், நூறு வயதைத் தாண்டியது. இன்னொன்று அதைப் பார்த்து அண்மையில் செய்தது. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான்.

"எங்கப்பா தன்னைத்தானே சுட்டுக்கிட்டாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க ஆர்வில்."

துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்வில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

அவள் தந்தை கிளைட்டை அடக்கம் செய்தது நேற்று. லாயத்துக்கு முன்னால், பாதி சேணம் கட்டிய குதிரையின் காலடியில் கிடந்தார். மனைவி இறந்து சரியாக ஒரு வருடம் ஆன நாள். குன்றின்மேல் இருக்கும் அவள் கல்லறைக்குப் புறப்பட்டவர், கல்யாணத்தன்று மாமனார் கொடுத்த பழைய ரிவால்வரை இடுப்பில் கட்டியிருந்தார். மற்ற நாட்களில் கட்டுவது புதியதைத்தான்.

ஷெரிஃப் விபத்து என்றார். ஊர் அதை நம்பவில்லை. தேவாலயப் படியில் குரலைத் தாழ்த்தி வேறு மாதிரி பேசிக்கொண்டது.

ஊரைக் குற்றம் சொல்வதற்கும் இல்லை. அந்தப் பழைய ரிவால்வரில் ஆறு அறைகள் உண்டு. தோட்டா போடுவது ஐந்தில்தான். தோட்டாவை அடிக்கும் சுத்தியலுக்கு நேரே உள்ள அறை காலியாக இருக்க வேண்டும். அங்கும் ஒரு தோட்டா இருந்தால், சுத்தியலில் ஓர் அடி பட்டாலே போதும், வெடித்துவிடும். வயோமிங்கில் மாடு வளர்க்கிற எவனுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம். கிளைட் ஆயுள் முழுக்க ஐந்துதான் போட்டார்.

அன்றைக்கு ஆறு இருந்தது.

புதியதில் அந்தக் கவலை கிடையாது. விசையை இழுத்தால்தான் உள்ளிருக்கும் ஓர் இரும்புப் பட்டை எழும்பி, சுத்தியலின் அடியைத் தோட்டாவுக்குக் கொண்டுபோகும். ஆறும் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சுற்றலாம். இரண்டு வருடம் முன்பு, தந்தையின் கை நடுங்க ஆரம்பித்ததைப் பார்த்துப் பயந்து, நோரீன்தான் இதே கடையில் அதை வாங்கிப் போனாள். கிளைட் முணுமுணுத்துக்கொண்டே கட்டிக்கொண்டார். மகள் கொடுத்ததாயிற்றே.

ஆனால் சனிக்கிழமை காப்பிக்கு வரும்போது மட்டும் பழையதைக் கொண்டுவருவார். கூரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, சுத்தியலை மெல்லப் பின்னால் இழுப்பார். டிக், டிக், டிக், டிக்.

"நீ விக்கிறது ஊமைப்பய, ஆர்வில். என்னோடது பாரு, வாய் நிறைய நாலு வார்த்தை பேசுது!"

இனி அந்தக் கேலியைக் கேட்க முடியாது.

ஆர்வில் பழையதை எடுத்து விளக்கடியில் திருப்பினார். சுத்தியலின் முதுகில் புதிதாக ஒரு கீறல், வெள்ளி போல மின்னியது.

"இங்க பாரும்மா. சேண வார் இறுக்கும்போது, கால் வைக்கிற அங்கவடியைத் தூக்கி சேணத்துக் கொம்புல மாட்டுவோம்ல? அது நழுவி இடுப்புல விழுந்திருக்கு. அந்த இரும்பு பட்ட காயம் இது. உங்கப்பா தன்னைத்தானே சுட்டுக்கல."

நோரீன் அந்தக் கீறலை விரலால் தடவினாள். ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. ஆர்வில் அழ விட்டார்.

அழுது முடித்தவள் நிமிர்ந்தாள்.

"அப்ப அந்த ஆறாவது தோட்டா? பழசுல அவர் ஆறு போடவே மாட்டாரே."

சொல்லிக்கொண்டே அவள் பார்வை மேசையில் கிடந்த புதியதன் பக்கம் மெல்லத் திரும்பியது.

"நான் போட்டது," என்றார் ஆர்வில்.

அவள் பார்வை சட்டென்று அவரிடம் வந்தது.

"சுத்தம் பண்ணச் சொல்லிக் கொடுத்தாரு. நாள் பூரா புதுசையே பாக்குற புத்தி... மறந்துபோய் ஆறும் போட்டுக் குடுத்துட்டேன். என்னை நம்பி அவரும் திறந்து பாக்கல."

நோரீனின் முகம் கல்லாகிவிட்டது.

"ஷெரிஃப்கிட்ட சொல்வீங்களா?"

"சொல்றேன்."

அவர் சொல்வார். அப்புறம் இந்த வட்டாரத்தில் ஒருவனும் அவரிடம் துப்பாக்கியைக் கொடுக்க மாட்டான். அதுவும் அவருக்குத் தெரியும்.

அவள் புதியதை மட்டும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் வாங்கிக் கொடுத்த இதையே கட்டியிருந்தா, இன்னிக்கு உயிரோட இருந்திருப்பார். அதை நீங்களே வெச்சுக்குங்க. உங்க மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன்."

கதவு மணி அடித்து ஓய்ந்தது.

ஆர்வில் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருடம் தினமும் காலையில் ஆறு போட்டுப் பழகிய கிளைட்டின் கை, அன்று பழையதிலும் ஆறு போட்டுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் நோரீனே அதைக் கண்டுபிடித்திருப்பாள்.

அவர் பழையதைக் கூரையைப் பார்த்துப் பிடித்து, சுத்தியலை மெல்ல இழுத்தார். நான்கு வார்த்தையும் பேசியது.

பார், கேள், தொடாதே என்பார் கிளைட். இத்தனை சனிக்கிழமைகளில் ஒரு நாள்கூட அதை ஆர்வில்லின் கையில் கொடுத்ததில்லை.