கோல் கம்பத்தில் ஓர் இடம்

கடற்கரை மைதானத்துக் கோல் கம்பத்தில் ஒரு காகம் குடியிருந்தது. அங்கே ஆடுகிறவர்கள் எல்லோரும் தூரதேசத்து அணி ஒன்றின் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். அந்த அணியின் அரங்கத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டுமென்று காகம் ஏங்கியது.

பனிக்காலத்தில் அந்த அணியின் ஊரிலிருந்தே ஓர் உள்ளான் குருவி கூட்டத்தோடு வந்து இறங்கியது.

“அக்கா, அந்த அரங்கம் எப்படி இருக்கும்?” என்று காகம் ஆவலாகக் கேட்டது.

“யார் கண்டது? பறவைகள் நுழையாதபடி மேலே வலை கட்டியிருக்கிறார்கள். வெளியே உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறேன்.”

அந்நேரம் பந்து கம்பங்களுக்கு நடுவே பாய்ந்தது. “கோல்!” என்று மைதானமே கத்தியது.

உள்ளானுக்குச் சிலிர்த்துப்போனது. “இதே சத்தம்தான்! கொஞ்சம் நகர்ந்து உட்காரேன், தம்பி.”

காகம் இடம் விட்டது. கடலோரமாகப் பறந்துபோன கூட்டம் கூப்பிட்டுப் பார்த்தது.

“நீங்கள் போங்கள். இன்னொரு கோல் விழட்டும், பார்த்துவிட்டு வருகிறேன்” என்றது உள்ளான்.