சிங்காரி நின்ற வாசல்

"குதிரை மேல பழியப் போடாதீங்க. அது வாயில்லாத ஜீவன்."

சொல்லிவிட்டு, சந்தனமேரி சிப்பாயின் முன்காலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். செவலை நாய். நெற்றியில் மட்டும் காசு அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. காலையில் குத்திய கருவேல முள்ளை ஊக்கு நுனியால் நெம்பி எடுத்து, மஞ்சள் அப்பி, கிழிந்த துணியால் கட்டினாள். நாய் அவள் கையை நக்கியது.

மைக்கேல்சாமி ஒரு பிடி வைக்கோலால் குதிரையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த இடத்தையே தேய்த்தார்.

"மாதா மேல சத்தியம் மேரி. சிங்காரிதான் நிக்குது. நான் லகானை இழுக்கிறதே இல்ல."

"கள்ளுக்கடை இருந்த காலத்துல அந்த வாசல்ல நின்னுச்சு. அப்பவும் குதிரைதான் நின்னுச்சுன்னீங்க. கடைய மூடுனாங்க, ஆளு திருந்திருச்சுன்னு நெனச்சேன். இப்பப் பால்காரி பொன்னுத்தாய் வாசல்ல நிக்குதாக்கும்?"

"இதை வித்த ரெங்கசாமி அங்க நிறுத்திப் பழக்கியிருப்பாரு."

"அவரு வித்து எத்தனை வருசமாச்சு? நிக்கிறது ரெண்டு மூணு மாசமாத்தானே? பூசை முடிஞ்சு வாரப்ப, ஜெபமாலையம்மா கோயில் வாசல்ல வச்சுக் கேக்குது, 'ஒங்க வீட்டுக்காரரு அங்கிட்டுத்தான் பால் வாங்குறாரா'ன்னு. நாம பால் வாங்கி எத்தனை நாளாச்சு?"

"நிக்கிற குதிரைக்கு அந்தப் பொண்ணு ஒரு வாளித் தண்ணி காட்டுச்சு. அம்புட்டுதான்."

"ஓ! தண்ணி வேற காட்டுறாளா?"

மைக்கேல்சாமி மறுபடியும் வைக்கோலால் தேய்க்கத் தொடங்கினார். உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டே வந்தது.

சந்தனமேரி அதற்கு மேல் ஏசவில்லை. அவள் ஏசினால் அவருக்குப் பயமில்லை; பேசாமல் இருந்தால்தான் பயம். கொள்ளுப் பானையைக் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். உள்ளே போய், துணிப்பையோடு வெளியே வந்தாள்.

"இன்னைக்கு நானும் வண்டியில வாரேன். நீங்க லகானை இழுக்கக் கூடாது, வாயைத் தொறக்கக் கூடாது. அது தானா அங்க நின்னுச்சுன்னா ஒங்க கால்ல விழுறேன். நிக்கலைன்னா, பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஆவூருக்கு, எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன். பெறகு கூப்பிட வராதீங்க."

"சிங்காரிக்குக் கொள்ளு யாரு அவிக்கிறது?"

"பால்காரி அவிப்பா."

சிப்பாயைத் தூக்கி வண்டிக்குள் வைத்துத் தானும் ஏறினாள்.

"அவன் எதுக்கு?"

"முள்ளுக் குத்துன காலோட ஓடுவானா? எங்கூடவே ஆவூருக்கு வரட்டும். இந்த வீட்டுல யோக்கியமான ஆம்பளை இவன் ஒருத்தன்தான்."

சிப்பாய்க்கு வண்டிக்குள் உட்கார்ந்து பழக்கமில்லை. எந்நாளும் வண்டிக்கு அடியில், அச்சின் நிழலிலேயே ஓடிவரும். கொட்டிலிலும் சிங்காரியின் காலடியில்தான் படுக்கும். அது வந்து படுக்காமல் சிங்காரி கொள்ளில் வாய் வைக்காது.

வண்டி கிளம்பியது. மைக்கேல்சாமி லகானைத் தளரவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். லாடச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. கீழ மூன்றாம் வீதி திரும்பியதும் பொன்னுத்தாய் வீட்டுப் புங்கமரம் தெரிந்தது.

'மாதாவே, இன்னைக்கு ஒரு நாள் நிக்கட்டும்' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.

மரம் நெருங்க நெருங்க, சந்தனமேரியின் மடியில் சிப்பாய் நெளிந்தது. முனகியது. திமிறியது.

"வலிக்குதாடா ராசா? சும்மா கெட, இந்தா ஆயிருச்சு" என்று அதை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

சிங்காரி அந்த வாசலுக்கு வந்தது. காதுகளை ஒரு முறை பின்னால் மடக்கியது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக, மேலே நடந்தது.

"அடிப் பாவி!" என்றார் மைக்கேல்சாமி.

"அதை ஏன் திட்டுறீங்க? அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது." துணிப்பையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "நேரா பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்க."

அப்போது பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

"வண்டிக்காரரே! ஏங்க, வண்டிக்காரரே! நிக்காமப் போறீங்களே!"

இடுப்பில் ஒரு கூடையோடு பொன்னுத்தாய் ஓடிவந்தாள். கூடையைப் பழைய சேலைத் துணி மூடியிருந்தது.

"நிறுத்தாதீங்க" என்றாள் சந்தனமேரி.

"தெனம் நிக்கிறவங்க இன்னைக்குன்னு பாத்து இப்படிப் போனா எப்படிங்க? நான் ஒருத்தி எம்புட்டுத்தான் பாக்குறது?"

கூடைக்குள்ளிருந்து மெலிதாக ஓர் அழுகை கேட்டது. சந்தனமேரியின் கை தானாகக் கழுத்து ஜெபமாலைக்குப் போனது. பிடி விட்டதும் சிப்பாய் ஒரே தாவாகத் தாவி, மூன்று காலில் நொண்டிக்கொண்டு கூடையை நோக்கி ஓடியது.

அந்தக் கணமே, யாரும் லகானைத் தொடாமல், சிங்காரி நின்றது.

"வந்துட்டாரு பாருங்க!" பொன்னுத்தாய் மூச்சு வாங்கினாள். "தெனம் வண்டிக்கு அடியிலேருந்து நழுவி, எங்க கருப்பியைப் பாக்கக் கொல்லைக்கு வந்துருவாருங்க. இவரு திரும்பி வார வரைக்கும் ஒங்க குதிரையும் ஓரடி நகராது."

அவள் துணியை விலக்கினாள். உள்ளே கண் திறக்காத நாலு குட்டிகள். நாலின் நெற்றியிலும் காசு அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பொட்டு.