இரண்டு கோடுகள்

"யாருடைய எழுத்தைப் பதிக்கட்டும்?"

கடைக்காரப் பெண்மணியின் விரல்நுனியில் ஒரு நூலளவு மாவு காத்திருந்தது.

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

இங்கிலாந்தில், கார்ன்வாலின் அந்தச் சிறு கடையில் பாஸ்டி ஒன்றுதான் பண்டம். உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்து மடித்துச் சுட்ட, உள்ளங்கையைவிடப் பெரிய பிறை. அந்நாளில் சுரங்கத்துக்குக் கட்டிக்கொண்டுபோனவர்கள் தம் பெயரின் முதலெழுத்தை ஒரு முனையில் பதித்து, மறுமுனையிலிருந்து தின்பார்களாம். மிச்சம் யாருடையது என்று எழுத்து சொல்லும். சுவரில் எழுதியிருந்ததை அம்மாவுக்குச் சற்றுமுன்தான் படித்துக் காட்டியிருந்தாள்.

அம்மா வேலம்மாள் கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய சோமாசி மாதிரில்ல இருக்கு. எனக்கு வேணாம்டி, பசியில்ல. ஒனக்கு மட்டும் சொல்லு."

மகளின் பெயருக்கு முன்னால் ஏற்கெனவே ஓர் எழுத்து இருந்தது. எஸ். முகம்கூட நினைவில்லாத தந்தையின் எழுத்து.

பள்ளி மதிப்பெண் அட்டைகளில் அவருடைய கையெழுத்தாக அந்த எஸ்ஸை அம்மாதான் போட்டாள். அந்த வளைவு கைக்கு வர ஒரு மாதம் ஆயிற்று.

நாளை வாங்கப்போகும் முனைவர் பட்டத்திலும் அதே எஸ். மாற்றித் தரக் கேட்டிருந்தாள்.

அச்சாகிவிட்டது என்றார்கள்.

"வி," என்றாள். அதன் பின்னால் தன் எழுத்தையும் சொன்னாள்.

அடுப்பிலிருந்து ஒரு பாஸ்டி வந்தது. முனையில் பொன்னிறமாக இரண்டு எழுத்துகள். கூடவே இரண்டு தட்டுகள், ஒரு கத்தி.

இரண்டு எழுத்து என்றால் இரண்டு பேர் என்று எடுத்துக்கொண்டிருந்தார் அந்தப் பெண்மணி.

அவள் திருத்தவில்லை. நன்றி சொன்னாள். எவ்வளவு பெரிய நன்றி என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அம்மா குனிந்து முனையைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் அவள் அறிந்தது ஒரே எழுத்து. அதைத் தேடினாள்.

"உங்கப்பா எழுத்து எங்கடி?"

"அது இல்லம்மா. மொதல்ல இருக்கறது நீதான்."



அம்மா கத்தியைத் தள்ளி வைத்தாள். தட்டைத் திருப்பி, மறுமுனையிலிருந்து பிட்டாள். பசியில்லை என்றவள் நிதானமாகத் தின்றாள். மகளுக்கும் பிட்டு வைத்தாள்.

கடைசியில் முனை மட்டும் மிஞ்சியது. இருவருமே அதைத் தொடவில்லை.

மேசையில் உதிர்ந்து கிடந்த துகள்களின்மேல் அம்மாவின் சுட்டுவிரல் இறங்கியது. சரிவாகக் கீழே ஒரு கோடு. சரிவாக மேலே ஒரு கோடு.

"இவ்வளவுதானா?"

துகள்களைக் கூட்டிப் பரப்பி, மறுபடியும் வரைந்தாள். இம்முறை முனையைப் பார்க்கவில்லை.

பிறகு, யாரையோ விசாரிப்பதுபோல் மெல்லக் கேட்டாள்.

"நாளைக்கு அங்க, எங்கிட்டயும் கையெழுத்து ஏதும் கேப்பாகளாடி?"