கம்பி தாவும் கிதாருக்கு இலவசம்

சங்கரலிங்கத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான் காமராஜ். கன்னத்திலும் ஒன்று விட்டான். காமராஜின் நெற்றியில் புதிதாக நான்கு தையல்.

"நேத்து தேவதானப்பட்டி மேடையில பாட்டுக்கு நடுவுல கம்பி தாவிருச்சு. சனம் நாற்காலியத் தூக்கி எறியுது. இன்னைக்கு சின்னமனூர்ல தாவுச்சுன்னா ஒன் விரல ஒண்ணொண்ணா ஒடிப்பேன்."

போன வாரம் அந்த எலெக்ட்ரிக் கிதாரைக் கொண்டுவந்து ரிப்பேர் பார்த்து வாங்கிப் போனவர் காமராஜின் பாட்டுக் குழுவின் வேன் டிரைவர். சங்கரலிங்கத்தின் உத்தமபாளையத்து ரிப்பேர் கடைக்குக் காமராஜ் நேரில் வருவது இதுதான் முதல் தடவை.

சங்கரலிங்கம் சட்டையைச் சரிசெய்துகொண்டார். பாவம், பத்து மாதத்துக்கு முன் லோயர் கேம்ப் திருவிழாத் தகராறில் ஒரே மகனைப் பறிகொடுத்தவர். எதிரே நின்று வலது தோளில் போட்ட ஒரே வெட்டு. வெட்டியவன் முகத்தில் துண்டு கட்டியிருந்ததால் இன்றுவரை யாரென்று தெரியவில்லை. அந்தத் துக்கம் ஆறுவதற்குள், 'கம்பி தாவும் கிதாருக்கு இலவச சர்வீஸ்' என்று கம்பம் முதல் தேனி வரை நோட்டீஸ் ஒட்டினார். மனுசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றது ஊர்.

கிதாரை மடியில் கிடத்திக்கொண்டார். கம்பிகள் வந்து உட்காரும் வெள்ளைப் பட்டைக்கு நட் என்று பேர். அதில் தடித்த கம்பிக்கு அகலப் பள்ளம், மெல்லிய கம்பிக்குக் குறுகல் பள்ளம். காமராஜ் வலது கைக் கிதாரைத் திருப்பிப் பிடித்து, இடது கையால் வாசிக்கத் தோதாகக் கம்பிகளை வரிசை மாற்றி மாட்டியிருந்தான். தடித்த கம்பி குறுகலில் இறங்காமல் விளிம்பில் தொத்திக்கொண்டிருந்தது; ஓங்கி அடித்தால் தாவிவிடும்.

அரத்தை எடுத்துப் பள்ளத்தை அகலமாகத் தேய்த்தார். பத்து நிமிட வேலை. போன வாரமே செய்திருக்கலாம்.

"வலது கைக்காரக கிதார்ல கம்பி லேசுல தாவாது தம்பி. இடது கைக்காரகதான் தேடி வருவாக" என்றார்.

காமராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. கம்பியை ஓங்கி அடித்துப் பார்க்க, விரலிடுக்கில் பிடிக்கும் பிக் ஒன்று கேட்டான். சங்கரலிங்கம் மேசை டிராயரைத் திறந்து, சிவப்புப் பிளாஸ்டிக் பிக் ஒன்றை நீட்டினார்.

வாங்கித் திருப்பிப் பார்த்தவன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"இது நான் பக்கெட்ட வெட்டிச் செஞ்சதாச்சே. கழுத்துல கோத்துப் போட மூலையில ஓட்டை போட்டிருக்கேன் பாரு. தொலைஞ்சு வருசமாகப் போகுது. ஒனக்கு எங்கன கெடச்சுச்சு?"

சங்கரலிங்கம் எழுந்து ஷட்டரை உள்பக்கமாக இழுத்துப் பூட்டினார். அரம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"எம் மகன் கைக்குள்ள."