சாவி கழற்றிய பிறகு

பாயா ரும்புட் ஊரின் லாரிப் பட்டறையில் தகரக் கூரை ஓட்டைகள் வழியே மத்தியான வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. மூக்கு நீண்ட பழைய டீசல் லாரி பானட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. சுங்கை ஊடாங்கிற்கு இரும்புக் குழாய் ஏற்றும் லாரி. மேட்டில் திணறுகிறதென்று அதன் முதலாளி நாகமுத்து இழுவையைக் கூட்டச் சொல்ல, மெக்கானிக் கிருபாலன் பம்பின் திருகை முறுக்கி டீசலைக் கூட்டி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் பெரிய டர்போ ஒன்றையும் மாட்டியிருக்கிறான். முதல் ஓட்டத்தில் நசுங்கவென்று முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழங்கள் காத்திருக்கின்றன. ஆனால் சும்மா முடுக்கிப் பார்த்த எஞ்சின் இப்போது நிற்க மறுக்கிறது. "சாவி என் கையில இருக்குடா! கியர்கூட ஃப்ரீயாத்தான் கெடக்கு!" நாகமுத்து சாவியைத் தூக்கி லாரியிடமே காட்டுகிறார். டர்போவில் கசியும் தன் எண்ணெயையே குடித்து அது மேலும் மேலும் வேகம் பிடிக்கிறது. சுவரில் ஸ்பானர்கள் கிலுகிலுக்கின்றன. நீலப் புகைக்குள் ஆளில்லாத டிரைவர் சீட் குலுங்குகிறது. "காத்த அடைச்சாத்தான் அடங்கும் லா!" கிருபாலன் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, எக்கி, எஞ்சின் மூச்சிழுக்கும் காற்றுக் குழாயின் வாயில் ஒரு பலகையை அழுத்துகிறான். உள்ளேயிருந்து ஏதோ அதைப் பற்றி இழுக்கிறது. ஒரு இருமல், ஒரு பெரிய நடுக்கம், பிறகு சத்தமே இல்லை. டீசல் நெடிக்குள் பச்சையாக எலுமிச்சை வாசனை எழுகிறது. நாகமுத்து குனிந்து பார்க்கிறார். சக்கரங்களுக்கடியில் இரண்டு பழங்களும் நசுங்கிக் கிடக்கின்றன. பம்பர் கிருபாலனின் முழங்கால்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பலகையை அவன் இன்னும் எடுக்கவில்லை.

"நான் நகரலண்ணே."